1845: கேட்காமல் கைமாறிய ஊர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சுவடிவம்)



டென்மார்க் என்னும் சிறிய முடியரசின் வரலாற்றில் ஓர் ஆண்டைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அந்த ஆண்டு 1845. அம்பத்தூரில் உட்கார்ந்து டென்மார்க்கின் ஓராண்டுக் கதையைக் கேட்பானேன் என்ற எண்ணம் உங்களுக்கு வரலாம். அந்த ஆண்டில் அந்நாட்டு மன்னர் விற்ற ஊர் நம்முடையது. தரங்கம்பாடி. அதனோடு பொறையார், தில்லையாடி, எருக்கட்டாஞ்சேரி, ஒழுகைமங்கலம், காட்டுச்சேரி, சாத்தங்குடி என்று சுற்றியிருந்த ஊர்களும் கைமாறின. நம் தொழிற்பேட்டைப் பகுதியை வளர்த்தவர்களில் காவிரிப் படுகையிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் கணிசமானவர்கள். இந்த அவையிலேயே மயிலாடுதுறைப் பக்கம் பூர்விகம் கொண்டவர்கள் இருப்பீர்கள். உங்கள் கொள்ளுப்பாட்டன் காலத்துக்கும் முந்தைய ஒரு கிரயத்தைப் பற்றித்தான் பேசுகிறோம்.

பள்ளிப் பாடநூலில் இதற்கு ஒரு வரி உண்டு: "1845இல் டேனியர்கள் தங்கள் குடியேற்றங்களை ஆங்கிலேயருக்கு விற்றனர்." தேர்வுக்கு அது போதும். ஊரை விற்றார்கள் என்றால் ஊரில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள், அவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா, கேட்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் உலகில் இருந்ததா? இந்தக் கேள்விகளுக்கு அந்த வரியில் இடமில்லை. இன்றைய பேச்சு முழுவதும் இவற்றைப் பற்றியதுதான்.

வந்த வழி

டேனியர் வருவதற்கு முன்னரே தரங்கம்பாடிக்கு வரலாறு உண்டு. கடலோரத்தில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. அந்தக் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 1306ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்கிறது.

1616இல் டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. இலங்கைக்கென்று புறப்பட்ட அதன் கப்பல்கள் அங்கே எதிர்பார்த்தது கிடைக்காமல் சோழமண்டலக் கரைக்கு வந்தன. 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. ஆண்டுதோறும் கப்பம் கட்டிக்கொண்டு கோட்டை எழுப்பி வணிகம் செய்யலாம் என்பது அதன் சாரம். ரகுநாத நாயக்கர் அனுப்பிய தங்க ஏட்டுக் கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. நாயக்கர் ஊரைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. கப்பத்துக்கு இடம் தந்தார். 225 ஆண்டுகள் கழித்து அந்த உரிமையே விற்பனைப் பொருளானது.

1706 ஜூலை 9ஆம் நாள் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அச்சகம் வந்தது, தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது, 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. இவை பலரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன். 1712 முதல் 1714 வரை அந்த மறைப்பணியாளர்கள் தமிழர்களிடம் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில் வாங்கினார்கள். உங்கள் வழிபாடு எப்படி, உங்கள் நூல்கள் எவை, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பது போன்ற கேள்விகள். வந்த பதில்களில் 99 கடிதங்கள் ஜெர்மானிய மொழியில் ஹாலே நகரில் அச்சாயின. பல கடிதங்களுக்குப் பின்னால் இருந்தவர் சீகன்பால்குக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கேட்டவர்களின் நோக்கம் மதமாற்றம் என்பதில் மறைவேதும் இல்லை. ஆனாலும் கேட்டார்கள். தமிழர்கள் தயங்காமல், சில இடங்களில் சூடாகவும், பதில் சொன்னார்கள். ஆக, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடித் தமிழர்களின் கருத்தை எழுத்தில் வாங்க ஐரோப்பியருக்கு வழி தெரிந்திருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரிந்த வழி

வாங்கி விற்பதுதான் தரங்கம்பாடிக் குடியேற்றத்தின் உயிர். இங்கிருந்து போன துணிகளுக்கு ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்கக் கரையிலும் கிராக்கி இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறிமாறிப் போரிட்டபோது டென்மார்க் நடுநிலை நாடாக இருந்தது. போரிடும் நாடுகளின் சரக்கு நடுநிலைக் கொடியின் கீழ் போனது. ஆங்கிலக் கம்பெனி அதிகாரிகள் இந்தியாவில் சேர்த்த தனிப்பணத்தைத் தாய்நாட்டுக்கு அனுப்பவும் டேனியக் கப்பல்கள் உதவின. வங்கத்தில் 1755இல் நிறுவப்பட்ட செராம்பூரும் அந்த வணிகத்தில் செழித்தது. பிற்பாடு மறைப்பணியாளர் வில்லியம் கேரியும் நண்பர்களும் ஆங்கிலக் கம்பெனியின் கெடுபிடிக்கு எட்டாத இடமாக அந்த ஊரைத்தான் தேர்ந்தார்கள்.

நடுநிலை உடைந்ததும் எல்லாம் உடைந்தது. 1801இல் கோபன்ஹேகன் துறைமுகத்தில் கடற்போர் நடந்தது. 1807 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை கோபன்ஹேகன் நகரத்தின்மீதே மூன்று இரவுகள் குண்டுமாரி பொழிந்து, டேனியக் கடற்படைக் கப்பல்களை ஓட்டிக்கொண்டு போனது. அடுத்த பிப்ரவரியில் தரங்கம்பாடி பிரிட்டிஷார் கைக்குப் போய், 1815 வரை அங்கேயே இருந்தது. 1813 ஜனவரியில் டேனிய அரசு திவாலானது. 1814 ஜனவரியில் கீல் உடன்படிக்கையின்படி நானூறு ஆண்டுகளுக்கு மேல் டேனிய முடியோடு இணைந்திருந்த நார்வே சுவீடன் மன்னருக்குப் போனது.

1815இல் தரங்கம்பாடி திரும்பி வந்தபோது பழைய வணிகம் திரும்பவில்லை. இங்கிலாந்தின் ஆலைத்துணி உலகச் சந்தையைப் பிடித்துவிட்டது. தஞ்சை நாட்டின் ஆட்சி 1799லேயே ஆங்கிலக் கம்பெனிக்குப் போயிருந்தது; சரபோஜி மன்னரிடம் மிஞ்சியது கோட்டைக்குள் அதிகாரம் மட்டும். நாலாபக்கமும் ஆங்கிலேய நிலத்தின் நடுவே தரங்கம்பாடி ஒரு துண்டுநிலமாக நின்றது. டேனிய ஆசியக் கம்பெனியும் 1840களின் தொடக்கத்தில் கலைக்கப்பட்டது. கோபன்ஹேகன் கருவூலத்துக்கு இந்தியக் குடியேற்றங்கள் ஆண்டுதோறும் செலவுக் கணக்காக மட்டுமே தெரிந்தன. விற்றுவிடலாம் என்ற முடிவுக்கு மன்னர் எட்டாம் கிறிஸ்டியன் வந்தார்.

மன்னரின் முன்கதை

இந்த மன்னரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய பேச்சின் அச்சாணி இதில்தான் இருக்கிறது.

1814இல் அவர் இளவரசர் கிறிஸ்டியன் பிரெடெரிக். நார்வேயில் டேனிய மன்னரின் பிரதிநிதி. நார்வே சுவீடனுக்கு என்ற செய்தி வந்ததும் நார்வே மக்கள் கொதித்தார்கள். இளவரசர் முதலில் வாரிசுரிமையைச் சொல்லித் தாமே முடிசூடிக்கொள்ள நினைத்தார். பிப்ரவரி 16ஆம் நாள் எய்ட்ஸ்வோல் என்னும் ஊரில் நாட்டின் முக்கியஸ்தர்கள் கூடிய கூட்டத்தில் பேராசிரியர் கேயோர்க் ஸ்வேர்ட்ரூப் உள்ளிட்டோர் அதை மறுத்தார்கள். மன்னர் தம் உரிமையை விட்டுவிட்டால் அந்த உரிமை மக்களிடம் திரும்புகிறது; இனி முடிவு மக்களுடையது என்பது அவர்கள் வாதம். இளவரசர் ஏற்றுக்கொண்டார். தேர்தல் நடந்தது. 112 பிரதிநிதிகள் அதே எய்ட்ஸ்வோலில் கூடி, 1814 மே 17ஆம் நாள் அரசமைப்பை நிறைவேற்றி, அவரையே மன்னராகத் தேர்ந்தெடுத்தார்கள். சுவீடன் படையெடுத்ததால் அக்டோபரில் அவர் முடியைத் துறந்தார். ஆனால் அரசமைப்பு நிலைத்தது. மே 17 இன்றும் நார்வேயின் தேசிய நாள்.

ஒரு மக்களைச் சரக்கைப் போல ஒரு முடியிடமிருந்து இன்னொரு முடிக்கு ஒப்படைக்க முடியாது என்ற கொள்கையால் அரியணை ஏறியவர் அவர். அந்தக் கொள்கையை ஏட்டில் படித்து அறிந்தவர் என்று சொல்வதற்கில்லை. அதன் முன்னிலையில் நின்று, அதை ஒப்புக்கொண்டு, அதன் பெயரால் ஆண்டவர்.

இன்னொரு செய்தி. எய்ட்ஸ்வோலில் அரசமைப்பு எழுதப்பட்ட அந்தப் பெரிய வீடு கார்ஸ்டன் அன்கருடையது. அவர் டேனிய ஆசியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவராக இருந்தவர். அவருடைய உடன்பிறந்தவர் பேதர் அன்கர் 1788 முதல் 1806 வரை தரங்கம்பாடியின் ஆளுநர். நம் கடற்கரையையும் கோயில்களையும் ஓவியமாகத் தீட்டிவைத்தவர் அவர். மக்களைக் கேட்காமல் நாட்டைக் கைமாற்றக் கூடாது என்று எழுதிய வீட்டுக்கும் தரங்கம்பாடி ஆளுநர் மாளிகைக்கும் இடையே ஒரே குடும்பத்தின் உறவு ஓடியது. அந்தக் கொள்கை மட்டும் கடல் தாண்டி வரவில்லை.

அந்த ஆண்டு

இனி 1845ஐ நாள்வாரியாகப் பார்ப்போம்.

பிப்ரவரி 22. கல்கத்தாவில் டேனிய மன்னருக்கும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் உடன்படிக்கை கையெழுத்தாகிறது. டேனியத் தரப்பில் ஆளுநர் பேதர் ஹான்சன். ஆங்கிலத் தரப்பில் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்சும் ஆலோசனைக் குழுவினரும். தரங்கம்பாடி, செராம்பூர், பாலசோரில் இருந்த ஒரு நிலத்துண்டு, இவற்றிலுள்ள அரசுக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து விலை 12,50,000 ரூபாய். உடன்படிக்கை சில உரிமைகளைப் பேணிக் காத்தது. 1827இல் டேனிய மன்னர் செராம்பூர்க் கல்லூரிக்கு அளித்த சாசனம் தொடரும் என்பது அவற்றில் ஒன்று. அந்தச் சாசனத்தின் வலுவில் அந்தக் கல்லூரி இன்றுவரை இறையியல் பட்டங்கள் வழங்குகிறது. நிறுவனங்களின் உரிமையைப் பற்றி யோசித்தவர்களுக்குச் சட்ட நுணுக்கம் தெரியாமல் இல்லை. நெசவாளி, உழவர், மீனவர், மரக்காயர் வணிகர், உப்பளத்து ஆள் இவர்களின் சம்மதம் ஒரு நிபந்தனையாக யாருக்கும் தோன்றவில்லை.

ஜூன் 24. கலாதியா என்ற போர்க்கப்பல் ஸ்டீன் பில்லே தலைமையில் கோபன்ஹேகனிலிருந்து உலகப் பயணம் புறப்படுகிறது. அறிவியல் அறிஞர்களும் ஓவியர்களும் அதில் இருந்தார்கள். தரங்கம்பாடி ஒப்படைப்பில் கலந்துகொள்வதும், நிக்கோபார் தீவுகளைப் பார்வையிட்டு டேனிய உரிமையை மீண்டும் நிலைநாட்டுவதும் அதன் பணிகள். நிக்கோபார் இந்த விற்பனையில் சேரவில்லை. 1756 முதல் தரங்கம்பாடியிலிருந்தே ஆளப்பட்டதாகக் கணக்கு வைக்கப்பட்ட அந்தத் தீவுகளில் டேனியக் குடியேற்ற முயற்சிகளைக் காய்ச்சல் மீண்டும் மீண்டும் தின்றது. 1868இல் அவையும் பிரிட்டிஷார் கைக்குப் போயின.

ஜூலை 1. இந்த நாளை நம் நூல்கள் குறிப்பதில்லை. டேனிய முடியின் கீழிருந்த ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் அல்திங் என்னும் மன்றம் கூடுகிறது. 930ஆம் ஆண்டில் தோன்றிய அந்தப் பழைய மன்றம் 1800இல் கலைக்கப்பட்டிருந்தது. 1843இல் ஆணையிட்டு அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தவர் எட்டாம் கிறிஸ்டியன். 26 உறுப்பினர்களில் 20 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், 6 பேர் மன்னர் நியமித்தவர்கள். சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை, ஆலோசனை சொல்லும் உரிமைதான். சொத்துள்ள ஆண்களுக்குத்தான் வாக்கு. ஆனாலும் அது ஒரு வாசல். அந்த வாசல் வழியே நுழைந்தவர்களில் ஒருவர் யோன் சிகுர்ட்சன். பின்னாளில் ஐஸ்லாந்து விடுதலை இயக்கத்தின் தலைவர்.

அக்டோபர் 11. செராம்பூர் ஒப்படைக்கப்படுகிறது. அதே மாதத்தில் கலாதியா தரங்கம்பாடிக் கரைக்கு வந்து நிற்கிறது.

நவம்பர் 7. தரங்கம்பாடியின் டான்ஸ்போர்க் கோட்டையில் டேனியக் கொடி இறங்கி ஆங்கிலேயர் கொடி ஏறுகிறது. 1620இல் ஒரு மன்னரின் இசைவோடு தொடங்கியது, ஊராரின் இசைவு இல்லாமல் முடிந்தது.

ஒரே முடி, இரண்டு அளவுகோல்

ஒரே ஆண்டு. ஒரே மன்னர். ஐஸ்லாந்துக்காரர்களுக்கு, உங்கள் நாட்டைப் பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று மன்றம் கிடைக்கிறது. தரங்கம்பாடிக்காரர்களுக்கு, நாளைமுதல் உங்கள் அரசு வேறு என்ற அறிவிப்பு கிடைக்கிறது. நம் பேட்டையில் ஓர் ஆலை கைமாறினால் வாசலில் கூடும் தொழிலாளி முதலில் கேட்பது "எங்கள் நிலைமை என்ன?" என்றுதான். பழைய முதலாளியும் புதிய முதலாளியும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று இன்று சட்டம் இருக்கிறது. 1845இல் கைமாறிய மக்களுக்கு அந்த வாசல்கூட இல்லை.

அந்தக் காலமே அப்படித்தானே, அன்று யார் யாரைக் கேட்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. ஐஸ்லாந்து அந்தச் சமாதானத்தை நமக்கு விட்டுவைக்கவில்லை. எய்ட்ஸ்வோலும் விட்டுவைக்கவில்லை. கேட்கும் வழக்கம் அன்றே இருந்தது. யாரைக் கேட்பது என்பதில் எல்லை போட்டிருந்தார்கள். நிறமும் மதமும், கடலுக்கு அப்பாலுள்ள நிலம் வணிகச் சொத்து என்ற எண்ணமும் சேர்ந்து அந்த எல்லையைக் கிழித்தன. டென்மார்க்கிலேயே அன்று முழு முடியாட்சிதான். நாட்டின் நான்கு மன்றங்களும் ஆலோசனை மட்டுமே சொல்லலாம். டேனியக் குடிமக்களுக்கு அரசமைப்பு கிடைத்தது 1849 ஜூன் 5ஆம் நாள். கரீபியத் தீவுகளில் டேனியக் கொடியின் கீழ் 1848 ஜூலை வரை அடிமை முறை இருந்தது. அடிமைப்பட்டவர்களே கிளர்ந்தெழுந்து அதை முடித்துவைத்தார்கள். ஆப்பிரிக்கப் பொற்கரைக் கோட்டைகள் 1850இல் விற்கப்பட்டன. 1916இல் அந்தக் கரீபியத் தீவுகளை அமெரிக்காவுக்கு விற்கலாமா என்று டென்மார்க்கில் பொது வாக்கெடுப்பு நடந்தபோது வாக்களித்தவர்கள் டென்மார்க்கில் இருந்தவர்கள். முடிவு செய்யும் வாக்கு தீவு மக்களுக்கு இல்லை. 1944இல் ஐஸ்லாந்து மக்கள் தாங்களே வாக்களித்துக் குடியரசானார்கள். இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் படித்தால் 1845 ஒரு கடைவிற்பனையாகத் தோன்றாது. யார் குடிமக்கள், யார் உடைமை என்று ஒரு முடியரசு பிரித்துப் பார்த்த ஆண்டாகத் தெரியும்.

டேனியரைக் குற்றக்கூண்டில் நிறுத்துவது என் எண்ணமில்லை. அவர்களுடைய ஆய்வாளர்கள் இந்த வரலாற்றை நேர்மையாகத் தோண்டி எழுதிவருகிறார்கள். டான்ஸ்போர்க் கோட்டையையும் பழைய ஆளுநர் மாளிகையையும் புதுப்பித்ததில் டேனிய அமைப்புகளின் உழைப்பு உண்டு. நான் சொல்ல விரும்புவது வேறு. டென்மார்க் வரலாற்றில் 1845 ஒரு கிளைச்செய்தி. நமக்கு அது கிளைச்செய்தியாக இருக்கக் கூடாது.

கைமாறிய பிறகு

விற்ற பிறகு ஊர் உடனே ஒடுங்கிவிடவில்லை. தஞ்சை மாவட்டக் கலெக்டர் அலுவலகம் 1845இல் தரங்கம்பாடிக்கு வந்து 1860 வரை அங்கிருந்தே இயங்கியது. பிறகு அது தஞ்சாவூருக்குப் போனது. ரயில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு 1861இல் ஓடத் தொடங்கியதும் வணிகம் அந்தப் பக்கம் சாய்ந்தது. தரங்கம்பாடிக்கு மாயவரத்திலிருந்து ரயில்பாதை வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். அதுவும் 1980களில் நின்றுபோனது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தக் கரையில் பலரைக் கொண்டுபோனது.

தரங்கம்பாடியின் கல்விச் செல்வம் ஏற்கெனவே வேறு ஊர்களுக்குப் பரவியிருந்தது. அதில் ஒரு கிளை நம் பாதையிலேயே இருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சென்னைக்குள் போகும்போது வேப்பேரியைக் கடக்கிறோம். 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னையில் பணியாற்றிய மறைப்பணியாளர் பெப்ரீஷியஸ் தம் தமிழ் அகராதியை 1779இல் வேப்பேரியில் அச்சிட்டார். 1776இல் தரங்கம்பாடிக்கு வந்து, தாவரங்களைச் சேகரித்து உலகப் புகழ் பெற்ற ராட்லர், 1803இல் வேப்பேரிக்கு மாறி, 1836இல் இறக்கும்வரை தமிழகராதிப் பணியில் இருந்தார். அவருடைய அகராதி 1834 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. பெப்ரீஷியஸ் அகராதி விரிவாக்கம் பெற்று 1897இல் தரங்கம்பாடியிலேயே மீண்டும் அச்சேறியது. இந்த அகராதிகளின் முகப்பில் ஐரோப்பியர் பெயர்கள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் சொல்லிக்கொடுத்தவர்கள் நம்மூர் முன்ஷிகளும் உபாத்தியாயர்களும். அவர்களுடைய பெயர்களைத் தேடுவதும் 1845இன் கேள்வியோடு சேர்ந்த வேலைதான்.

கைமாறிய தரங்கம்பாடியில் 1857இல் முன்சீபாக அமர்ந்தார் வேதநாயகம் பிள்ளை. பின்னாளில் தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை எழுதியவர். ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டவரும் அவரே. தங்களை ஆளும் சட்டம் என்ன சொல்கிறது என்பது வழக்காடும் எளிய மனிதருக்குத் தன் மொழியில் தெரிய வேண்டும் என்று அவர் உறுதியாக நினைத்தார். கேட்கப்படாத ஊரின் நீதிபதி, மக்களுக்குக் கேட்கும்படி சட்டத்தைப் பேசவைத்தார்.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். டேனியர் நிலத்தில் இருந்த தில்லையாடியை வேராகக் கொண்ட குடும்பம் ஒன்று தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே 1898இல் பிறந்தாள் வள்ளியம்மை. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்ற நிலையை 1913இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உண்டாக்கியது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள்மீது மூன்று பவுண்டு தலைவரி வேறு. இவற்றை எதிர்த்துக் காந்தி நடத்திய போராட்டத்தில் அந்தப் பதினாறு வயதுகூட நிரம்பாத பெண் சிறை சென்றாள். சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து, சில நாளில், 1914 பிப்ரவரி 22ஆம் நாள் உயிர் நீத்தாள். 1915இல் இந்தியா திரும்பிய காந்தி தில்லையாடிக்கே வந்து அந்த மண்ணுக்கு மரியாதை செய்தார்.

அந்தப் பிப்ரவரி 22, கல்கத்தாவில் உடன்படிக்கை கையெழுத்தான அதே தேதி. அது தற்செயல், அதற்கு மேல் அதில் பொருள் தேட வேண்டாம். ஆனால் இடையில் கழிந்த 69 ஆண்டுகளில் நடந்தது தற்செயல் இல்லை. கேட்காமல் விற்கப்பட்ட நிலத்தின் பேத்தி ஒருத்தி, கடல் கடந்த நாட்டில், என்னைக் கேட்காமல் என் மீது சட்டம் போடக் கூடாது என்று சொல்லிச் சிறைக்குப் போனாள். எய்ட்ஸ்வோலின் கொள்கையை அவள் படித்திருக்கத் தேவையில்லை. கேட்கப்பட வேண்டும் என்ற உணர்வு எந்த நாட்டின் தனிச்சொத்தும் இல்லை என்பதற்கு அவளே சான்று.

நாம் செய்ய வேண்டியது

ஐஸ்லாந்துக்காரர்கள் தங்கள் உரிமையை எப்படி வாங்கினார்கள் என்பதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. யோன் சிகுர்ட்சன் கோபன்ஹேகனில் உட்கார்ந்து பழைய ஐஸ்லாந்துச் சுவடிகளையும் ஆவணங்களையும் வாழ்நாள் முழுவதும் படித்தவர். 1841 முதல் அங்கிருந்தே ஆண்டிதழ் ஒன்றைத் தாய்மொழியில் நடத்தினார். எங்கள் முன்னோர் என்ன நிபந்தனையோடு உங்கள் முடியை ஏற்றார்கள் என்று ஆளும் நாட்டின் காப்பகத்திலிருந்தே எடுத்துக் காட்டினார். வாதத்துக்கு ஆவணம் பலம் கொடுத்தது.

நமக்கும் ஆவணம் உண்டு. கோபன்ஹேகன் காப்பகத்தில் தரங்கம்பாடி நிர்வாகத்தின் பதிவுகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. தமிழ் ஏடுகளும் தமிழ்க் கடிதங்களும் கோபன்ஹேகனிலும் ஹாலேயிலும் இருக்கின்றன. கரீபியத் தீவுகள் கைமாறிய நூறாம் ஆண்டான 2017இல் டேனிய தேசியக் காப்பகம் அந்தத் தீவுகளைப் பற்றிய லட்சக்கணக்கான பக்கங்களை இணையத்தில் திறந்துவைத்தது. வழி திறந்துகொண்டு வருகிறது. பழைய டேனியக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த தமிழர்கள்தான் போதவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் நம்மைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்க, இன்றும் பெரும்பாலும் மற்றவர்கள் மொழிபெயர்த்துத் தருவதையே எதிர்பார்த்திருக்கிறோம்.

இந்த அவையில் இருக்கும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, வரலாறு படிக்க விரும்பும் உங்களில் ஒருவராவது டேனிய மொழி கற்றுக்கொள்ளுங்கள். ஐரோப்பிய மொழி என்றால் பிரெஞ்சும் ஜெர்மனும்தான் என்ற பழக்கத்தை விடுங்கள். இரண்டாவது, உங்கள் குடும்பத்தில் பொறையார், தில்லையாடி, தரங்கம்பாடிப் பக்கத்து வேர் இருந்தால் வீட்டுப் பத்திரங்களை, பழைய ரசீதுகளைத் தேடிப் பாருங்கள். பாட்டி சொல்லும் கதையை எழுதி வையுங்கள். டேனியர் காலம் என்று பெரியவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். மூன்றாவது, பாடநூலில் அந்த ஒரு வரியைப் படிக்கும்போது அதன் கீழே ஒரு கேள்வியைப் பென்சிலால் எழுதுங்கள்: யாரைக் கேட்டு?

அறக்கட்டளையின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நல்ல மரபு. அதனோடு ஆண்டுக்கு ஒரு மாணவருக்கு ஆவண வாசிப்புப் பயிற்சிக்கு உதவித்தொகை வழங்க முடியுமானால், இந்தப் பேச்சு முடிந்த இடத்தில் ஒரு வேலை தொடங்கும்.

ஓர் ஊரை வாங்கவும் விற்கவும் 12,50,000 ரூபாயும் இரண்டு தரப்புக் கையெழுத்தும் போதும் என்று 1845 நினைத்தது. அந்த ஊரின் மக்கள் அதற்குப் பிறகும் பாடுபட்டார்கள், படித்தார்கள், கடல் கடந்தார்கள், சிறை சென்றார்கள், வாக்குரிமை பெற்ற குடிமக்களானார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இந்த மண்டபத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்று கேட்கப்படாத கேள்விக்குரிய பதிலை ஆவணங்களிலிருந்து எடுத்து எழுதும் பொறுப்பு இனி நம்முடையது. அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.